தன்னைத் தானே பெயர்க்கும் தொகுப்பி: விக்ரம், கல்பனா செயலிகளை முன்வைத்து

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் சூலூர்ப்பேட்டைக்கு வடக்கே அமைந்துள்ள ஊர் நாயுடுபேட்டை. சுவர்ணமுகி ஆற்றை ஒட்டிய இவ்வூர் நெடுங்காலம் நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் புதிதாக அமைக்கப்பெற்றபோது அதனுடன் இணைக்கப்பட்டது. பழவேற்காடு ஏரிக்கு அப்பால் தென்கிழக்கே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து ஏவுகலம் எழும் நாளில், அதன் ஒளித்தடத்தை இவ்வூர் மக்கள் தம் வீட்டு மாடியிலிருந்தே காண இயலும். 2024 டிசம்பர் 30ஆம் நாள் இரவு பத்து மணியளவில் எழுந்த பி.எஸ்.எல்.வி. சி-60 அவ்வாறு காணப்பெற்ற ஏவுகலங்களுள் ஒன்று. விண்ணில் இரு கலங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் முயற்சிக்கானது என்பதால் அது பரவலாகப் பேசப்பட்டது. ஆயின் அதன் நான்காம் அடுக்கில், 'போயம்-4' என்னும் ஆய்வு மேடையின் மேலாண்மைக் கணிப்பொறியில், விக்ரம் 3201 என்னும் இந்தியச் செயலி முதன்முறையாக விண்வெளியில் தேர்வு செய்யப்பட்டது என்பதை அறிந்தோர் சிலரே.

அச்செயலி புதியது. அதன் ஆணைத்தொகுதியும் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் தனக்கென வகுத்துக்கொண்டது. உலகில் வேறெங்கும் வழங்காதது. அங்ஙனமாயின், மனிதர் எழுதிய நிரலை அச்செயலி அறியும் மொழிக்கு முதன்முதலில் பெயர்த்தது எது? பெயர்க்கும் கருவியைப் பெயர்த்தது எது? எளிய வினாவாகத் தோன்றும் இது, கணிப்பொறியியலின் மிகப் பழைய புதிர்களுள் ஒன்றற்கு வழிகாட்டுகிறது.

உறைமோர்ச் சிக்கல்

கணிப்பொறிச் செயலி அறிந்தது பொறிமொழி ஒன்றே. அது எண்களால் ஆயது. மனிதர் எழுதுவதோ சி, அடா, ஃபோர்ட்ரான் போன்ற உயர்நிலை மொழிகளில். முன்னதற்கும் பின்னதற்கும் இடையே நின்று, மூலநிரலைப் பொறிநிரலாகப் பெயர்த்துத் தரும் நிரலே கம்பைலர் எனப்படும் தொகுப்பி. தொகுப்பி தனித்து இயங்குவதன்று. பொறிமொழியின் குறியீட்டு வடிவத்தை எண்களாக்கும் அசெம்பிளர், துண்டு துண்டாகப் பெயர்க்கப்பட்டவற்றை ஒன்றாகக் கோக்கும் இணைப்பி, அடிப்படைச் செயல்களைத் தொகுத்து வைத்த நூலகம் ஆகியவை அதனுடன் சேர்ந்தே கருவித்தொகுதி ஆகின்றன.

தொகுப்பியும் ஒரு நிரலே. அதையும் யாரேனும் ஒரு மொழியில் எழுதியாக வேண்டும். சி மொழித் தொகுப்பியைச் சி மொழியிலேயே எழுதுவது வழக்கம். அடா மொழித் தொகுப்பியை அடாவிலேயே எழுதியுள்ளனர். அவ்வாறாயின் முதல் தொகுப்பியை இயங்கும் வடிவத்திற்குக் கொணர ஏற்கெனவே ஒரு தொகுப்பி வேண்டும். ஆங்கிலத்தார் இதற்குக் காலணியின் வாரைப் பற்றித் தன்னைத் தானே தூக்கிக்கொள்ளும் ஒருவனது உவமையிலிருந்து பெயர் வைத்தனர். தமிழர் அடுக்களையில் இதனினும் பொருத்தமான உவமை உண்டு. பாலைத் தயிராக்க உறைமோர் வேண்டும்; உறைமோரோ நேற்றைய தயிரிலிருந்து வருவது. புதுக்குடித்தனம் வைத்தவள் முதல் நாள் அண்டை வீட்டில் ஒரு கரண்டி உறை வாங்குகிறாள். மறுநாள் முதல் அவள் வீட்டுத் தயிரே அவள் வீட்டு உறை. அண்டை வீட்டாரின் நினைவு மறைந்துவிடுகிறது; ஆனால் அவர்கள் உறையின் குணம் மறைவதில்லை. இவ்விரண்டாம் செய்தி இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு இன்றியமையாதது.

மொழியியல் மாணவர்க்கு வேறோர் உவமையும் உதவும். தொல்காப்பியம் தமிழின் அமைப்பைத் தமிழிலேயே விளக்குகிறது. ஆதலின் தமிழறியாதவன் அதனைக் கொண்டு தமிழ் கற்க இயலாது. சீகன்பால்கு இலத்தீனில் எழுதி 1716இல் ஹாலே நகரில் அச்சான தமிழிலக்கணம் அத்தகையவனுக்கு வாயிலாயிற்று. ஒரு மொழிக்குள் நுழைய வேற்றுமொழியில் அமைந்த வாயில் வேண்டும். நுழைந்த பின்னரே அம்மொழியில் அமைந்த சொந்த இலக்கணம் பயன்படும். வேறொரு பொறியில் இயங்கிக்கொண்டு புதிய பொறிக்கான நிரலை ஆக்கித் தரும் குறுக்குத் தொகுப்பியின் பணி சீகன்பால்குவின் நூல் செய்த பணியே. புதிய பொறியிலேயே இயங்கி அப்பொறிக்கே நிரல் தருவது சொந்தத் தொகுப்பி.

காகித நாடாவிலிருந்து தன்னாட்சி வரை

புதிய தளம் ஒன்றில் சொந்தக் கருவித்தொகுதி வேரூன்றிய வரலாறுகளுள் மிகத் தெளிவாகப் பதிவானது யூனிக்ஸ் இயக்கமுறைமையின் பிறப்பு. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், பி.டி.பி.-7 என்னும் சிறு கணிப்பொறியில் புதிய இயக்கமுறைமை ஒன்றை உருவாக்க முற்பட்டார். அப்பொறியில் நிரல் எழுதுவதற்கேற்ற கருவி அவர் கையில் இல்லை. ஆகவே அவர் ஜி.இ.-635 என்னும் பெரிய கணிப்பொறியில் இருந்த அசெம்பிளரைக் கொண்டு நிரல்களை எழுதி, அவற்றைப் பி.டி.பி.-7 அறியும் எண்களாக மாற்றி, காகித நாடாவில் துளையிட்டு, நாடாவைக் கையில் எடுத்துச்சென்று சிறிய பொறியில் ஊட்டினார். கரு, எழுதுவதற்கான தொகுப்பான், அசெம்பிளர், கட்டளை ஏற்கும் ஓடு, சில சிறு நிரல்கள் ஆகியவை இவ்வாறு நாடா வழியே கடந்து வந்தன. அவை அமைந்த பின் நாடாவுக்கு வேலையில்லாது போயிற்று. பி.டி.பி.-7க்கான நிரல்களைப் பி.டி.பி.-7இலேயே எழுதலாயினர்.

அடுத்த படி மொழி. 'பி' என்னும் சிறு மொழியைத் தாம்சன் முதலில் வேறொரு கருவிமொழியில் எழுதி இயங்கச் செய்தார். அது இயங்கியதும், பி மொழியின் தொகுப்பியைப் பி மொழியிலேயே திரும்ப எழுதினார். இங்கு நேர்ந்த இடர்ப்பாடு சுவையானது. அப்பொறியின் நினைவகம் 8,000 சொற்கள் அளவினது. மொழியில் புதிய கூறு ஒன்றைச் சேர்த்தால் தொகுப்பி பருத்து நினைவகத்துள் அடங்காத நிலைக்கு வந்துவிடும். உடனே அப்புதிய கூறையே பயன்படுத்தித் தொகுப்பியைத் திருத்தி எழுதினால் அது மெலியும். பருத்தும் மெலிந்தும் அத்தொகுப்பி வளர்ந்தது. பி மொழியிலிருந்து டென்னிஸ் ரிச்சி சி மொழியை உருவாக்கினார். 1973இல் யூனிக்ஸின் கரு சி மொழியில் மாற்றி எழுதப்பட்டது.

தன்னைத் தானே பெயர்க்கும் தொகுப்பி இதற்கு முன்னரும் உண்டு. 1962இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் டிமத்தி ஹார்ட், மைக் லெவின் இருவரும் லிஸ்ப் தொகுப்பியை லிஸ்ப் மொழியிலேயே எழுதினர். லிஸ்ப் மொழிக்கு வரிப்பெயர்ப்பி முன்னரே இருந்தது. அது நிரலைப் பொறிமொழியாக்காமல், படிக்கப் படிக்க இயக்குவது. புதிய தொகுப்பியை அவ்வரிப்பெயர்ப்பியின்மேல் ஓடவிட்டு, அத்தொகுப்பியின் மூலநிரலையே அதற்கு உணவாக அளித்தனர். வெளிவந்தது பொறிமொழித் தொகுப்பி. இம்முறை மிக நேர்த்தியானது; எனினும் வரிப்பெயர்ப்பி முன்னரே வாய்த்த மொழிகளுக்கே இது பொருந்தும்.

கருவித்தொகுதி கடந்து செல்லும் வழி

இன்று பெரும்பான்மையோர் பயன்படுத்தும் கட்டற்ற தொகுப்பி, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987இல் வெளியிட்ட ஜி.சி.சி. ஆகும். புதிய தளத்திற்கு இதனைக் கொண்டுசெல்லும் வழியை விளக்கினால் ஏனையவற்றின் இயல்பும் புலப்படும்.

இதில் மூன்று பொறிகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும்: தொகுப்பி எப்பொறியில் ஆக்கப்படுகிறது, எப்பொறியில் இயங்கப்போகிறது, எப்பொறிக்கான நிரலைத் தரப்போகிறது என்பவை. மூன்றும் ஒன்றாயின் அது சொந்தத் தொகுப்பி. முதலிரண்டும் ஒன்றாகி மூன்றாவது வேறாயின் குறுக்குத் தொகுப்பி. மூன்றும் வெவ்வேறாயின் அதற்குக் 'கனடியக் குறுக்கு' என்று பெயர். இச்சிக்கல் விவாதிக்கப்பட்ட காலத்தில் கனடாவில் மூன்று தேசியக் கட்சிகள் இருந்தமையே பெயர்க்காரணமாம். அறிவியற் கலைச்சொற்கள் எல்லாம் ஆழ்ந்த சிந்தனையில் பிறந்தவை என்று கருதுவோர் இதனை நினைவிற்கொள்ளலாம்.

முதலில் மேசைக் கணிப்பொறியில் புதிய பொறிக்கான அசெம்பிளரும் இணைப்பியும் ஆக்கப்படுகின்றன. இவை எளியவை, ஆணைத்தொகுதியின் அட்டவணை கையில் இருந்தாற் போதும். அடுத்து வருவது தொகுப்பி. இங்கேதான் முடிச்சு. முழுமையான சி தொகுப்பிக்குச் சி நூலகத்தின் தலைப்புக் கோப்புகள் வேண்டும். சி நூலகத்தைப் பெயர்க்கவோ தொகுப்பி வேண்டும். ஒன்றையொன்று எதிர்பார்த்து இரண்டும் நிற்கும். இம்முடிச்சை அவிழ்க்க, நூலகம் ஏதுமற்ற மொட்டைத் தொகுப்பி ஒன்றை முதலில் ஆக்குவர். அதனால் கணக்கிடவும் தாவவும் நினைவகத்தைத் தொடவும் மட்டுமே நிரல் தர இயலும். கோப்பைத் திறத்தல், எழுத்தை அச்சிடுதல் போன்றவற்றை அது அறியாது. நூலகத்தைப் பெயர்க்க அது போதுமானது. நூலகம் கிடைத்ததும் முழுத் தொகுப்பி மீண்டும் ஆக்கப்படும். இக்குறுக்குத் தொகுப்பியைக் கொண்டு இயக்கமுறைமையின் கரு, அடிப்படை நிரல்கள் முதலியவற்றோடு, புதிய பொறியிலேயே இயங்கும் தொகுப்பி ஒன்றும் ஆக்கிப் புதிய பொறியில் ஏற்றப்படும். தாம்சனின் காகித நாடா இங்கு நினைவகத் தட்டாக மாறியுள்ளது, வேறு மாற்றமில்லை.

புதிய பொறியில் ஏறிய தொகுப்பி தன் மூலநிரலைத் தானே மும்முறை பெயர்க்கும் சடங்கு அடுத்தது. கையிலுள்ள தொகுப்பி முதற்படித் தொகுப்பியை ஆக்கும். முதற்படி அதே மூலநிரலிலிருந்து இரண்டாம் படியை ஆக்கும். இரண்டாம் படி மூன்றாம் படியை ஆக்கும். பின்பு இரண்டாவதும் மூன்றாவதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துள்ளனவா என ஒப்பிடுவர். முதலாவதையும் இரண்டாவதையும் ஒப்பிடாதது ஏன் எனில், அவற்றை ஆக்கியவை வெவ்வேறு தொகுப்பிகள். ஆகவே அவற்றின் பொறிநிரல் வேறுபடுவதே இயல்பு. ஆனால் முதற்படியும் இரண்டாம் படியும் ஒரே மூலநிரலின் வடிவங்கள். அவற்றின் பொறிநிரல் வேறாயினும் அவை செய்யும் வேலை ஒன்றே. ஆகவே இரண்டிடமும் ஒரே மூலநிரலை அளித்தால் வெளிவருவது ஒன்றாகவே இருத்தல் வேண்டும். ஓரெழுத்து வேறுபட்டாலும் எங்கோ பிழை பெயர்ப்பு நிகழ்ந்துள்ளது என்பது உறுதி. புதிய செயலியின் வன்பொருட் பிழைகளும் இச்சோதனையில் வெளிப்படுவதுண்டு.

இத்தகைய பயணத்திற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ரிஸ்க்-ஃபைவ் ஆணைத்தொகுதி. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் 'சக்தி' செயலிகள் இத்தொகுதியை அடிப்படையாகக் கொண்டவை. 2018இல் இரு சக்திச் சில்லுகள் வெளிவந்தன. ஒன்று அமெரிக்காவில் இன்டெல் ஆலையிலும், மற்றொன்று சண்டிகரிலுள்ள குறைகடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் முறையிலும் வார்க்கப்பட்டன. சில்லு வரும் முன்னரே கருவித்தொகுதி ஆயத்தமாக இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. ஜி.சி.சி.யின் 7ஆம் பதிப்பில் 2017இலும், லினக்ஸ் கருவின் 4.15 பதிப்பில் 2018 ஜனவரியிலும், சி நூலகத்தில் 2018 பிப்ரவரியிலும் ரிஸ்க்-ஃபைவ் இடம்பெற்றுவிட்டது. லினக்ஸ் இயங்கத்தக்க பலகைகள் சந்தைக்கு வாராத காலத்தில், ஃபெடோரா குழுவினர் மேசைக் கணிப்பொறியில் அச்செயலியைப் போலவே நடிக்கும் போலிப்பொறியை அமைத்து, அதன்மேல் ஆயிரக்கணக்கான நிரல்களைப் பெயர்த்தனர். உடல் பிறக்கும் முன்னரே அதன் மொழி வழக்கிற்கு வந்துவிட்டது எனலாம்.

விக்ரமும் கல்பனாவும்

இப்பின்னணியில் ஸ்ரீஹரிகோட்டாவின் ஏவுகலங்களுக்கு மீள்வோம். விக்ரம் 1601 என்னும் 16 பிட் செயலி 2009 முதல் இந்திய ஏவுகலங்களின் மின்னணு அமைப்புகளில் பணியாற்றி வந்துள்ளது. சண்டிகர் ஆலையில் வார்க்கப்பட்ட அதன் வடிவம் 2016இல் சேர்க்கப்பட்டது. அதன் வளர்ச்சியே 32 பிட் அளவினதான விக்ரம் 3201. இதனோடு கல்பனா 3201 என்னும் மற்றொரு 32 பிட் செயலியும் உருவாக்கப்பட்டது. இரண்டின் முதல் உற்பத்தித் தொகுதிகளும் 2025 மார்ச் 5ஆம் நாள் புதுதில்லியில் விண்வெளித் துறையிடம் ஒப்படைக்கப்பட்டன.

ஒரே ஆலையில் பிறந்த இவ்விரு செயலிகளும் கருவித்தொகுதியைப் பொறுத்தவரை இருவேறு நெறிகளைச் சேர்ந்தவை. விக்ரமின் ஆணைத்தொகுதி சொந்தமானது, ஆகவே அதற்கான அடா தொகுப்பி, அசெம்பிளர், இணைப்பி, போலிப்பொறி, நிரலெழுதும் சூழல் ஆகிய அனைத்தையும் விண்வெளி நிறுவனம் தானே உருவாக்க வேண்டியிருந்தது, உருவாக்கியுமுள்ளது. ஒப்படைப்பின்போது சி மொழித் தொகுப்பி உருவாக்கத்தில் இருந்ததாக அறிவிக்கப்பட்டது. கல்பனாவோ 'ஸ்பார்க்' என்னும் உலகறிந்த ஆணைத்தொகுதியின் 8ஆம் வடிவத்தைப் பின்பற்றுவது, ஐ.ஈ.ஈ.ஈ. அமைப்பின் 1754ஆம் எண் தரநிலை அது. ஆதலின் கட்டற்ற கருவித்தொகுதிகள் அதற்கு அப்படியே பொருந்துகின்றன.

இவற்றுள் எது சிறந்த நெறி? சொந்த ஆணைத்தொகுதியைத் தன்மான அடையாளமாகப் போற்றுவோரும், அதனை வீண் உழைப்பு என்போரும் உளர். இரு கூற்றும் ஒருபக்கப் பார்வையே. 1992இல் கடுங்குளிர் எந்திரத் தொழில்நுட்பம் தொடர்பாக அமெரிக்கா விண்வெளி நிறுவனத்தின்மீது விதித்த தடைகளை அறிந்தோர், அயலாரை நம்பாத செயலியின் தேவையை எளிதில் உணர்வர். சொந்தத் தொகுதியின் விலை, அதற்கு எழுதப்படும் ஒவ்வொரு கருவியையும் காலமெல்லாம் தாமே பேண வேண்டும் என்பது. பொதுத் தொகுதியில் பல்லாயிரவர் ஒரே தொகுப்பியைப் பயன்படுத்துவதால் பிழை விரைவில் வெளிப்படும். சொந்தத் தொகுப்பியின் பிழையைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்துவோர் சிலரே. ஏவுகலத்தில் பிழை வெளிப்படும் இடம் பெரும்பாலும் வானம் என்பதையும் எண்ண வேண்டும்.

அடா மொழியைத் தேர்ந்தமைக்கும் காரணம் இதுவே. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் வேண்டுகோளுக்கேற்ப ழான் இஷ்பியா தலைமையிலான குழு வகுத்த அம்மொழி, மாறியின் வகையையும் எல்லையையும் மூலநிரலிலேயே அறிவிக்கக் கட்டாயப்படுத்துவது. ஆயினும் மொழியின் கண்டிப்பு முழுக்காப்பு ஆகாது. 1996 ஜூன் 4ஆம் நாள் ஏரியான்-5 ஏவுகலம் புறப்பட்ட நாற்பது நொடிக்குள் அழிந்தமைக்குக் காரணம், அடாவில் எழுதப்பட்ட நிரலில் 64 பிட் பதின்ம எண்ணை 16 பிட் முழுஎண்ணாக மாற்றியபோது ஏற்பட்ட மிகுதிப்பிழை. ஏரியான்-4இன் நிரல் அதிலும் அப்படியே பயன்படுத்தப்பட்டிருந்தது; குறிப்பிட்ட அவ்விடத்தில் காப்புச் சோதனை இடப்படவில்லை. தொகுப்பி தன் கடமையைப் பிழையறச் செய்தது. எழுதியதையே பெயர்த்தது.

பறக்கும் கணிப்பொறிகள் தம் நிரலைத் தாமே பெயர்ப்பதில்லை. அவற்றின் தொகுப்பிகள் இயல்பாக மேசைக் கணிப்பொறியில் இயங்கும் குறுக்குத் தொகுப்பிகளே. அவ்வாறாயின் அம்மேசைக் கணிப்பொறியின் தொகுப்பி எங்கிருந்து வந்தது என்னும் வினா எழுகிறது. அதன் தொகுப்பி முந்தைய தொகுப்பியால் பெயர்க்கப்பட்டது; அது அதற்கும் முந்தையதால். நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட 'பாஸ்' இயக்கமுறைமை இந்திய மொழிகளுக்கு இடமளித்த அரிய முயற்சி. அது டெபியன் லினக்ஸின் வழிவந்தது. அதன் தொகுப்பியும் டெபியனின் வழிவந்ததே. தமிழ்ச் சொற்களால் நிரலெழுத உருவாக்கப்பட்ட 'எழில்' மொழி பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. பைத்தானின் முதன்மை வடிவம் சி மொழியில் அமைந்தது. சி தொகுப்பியோ பழைய சி தொகுப்பியால் பெயர்க்கப்பட்டது. எவ்வழியே சென்றாலும் அண்டை வீட்டு உறைமோரில் போய் நிற்கிறது. இதனைக் குறையாகக் கூற வேண்டியதில்லை. ஆயின் அறிந்திருத்தல் வேண்டும்.

உறையில் மறைந்த நஞ்சு

1983ஆம் ஆண்டுக்கான டூரிங் பரிசு பெற்றபோது நிகழ்த்திய உரையில் கென் தாம்சன் ஒரு செய்தியை வெளிப்படுத்தினார். சி மொழியில் செங்குத்துத் தாவல் என்னும் குறியைத் தொகுப்பிக்குக் கற்பிக்க வேண்டும் என்க. முதலில் மூலநிரலில் அதன் எண் 11 என்று வெளிப்படையாக எழுதிப் பெயர்ப்பர். அவ்வாறு பெயர்க்கப்பட்ட தொகுப்பி அக்குறியை அறிந்துகொள்ளும். அதன்பின் மூலநிரலில் 11 என்னும் எண்ணை நீக்கி, அக்குறியையே எழுதிவிடலாம். இப்போது மூலநிரல் முழுவதையும் படித்தாலும் 11 என்னும் எண் எங்கும் இராது. அவ்வறிவு பொறிநிரலில் மட்டுமே தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படுகிறது.

நல்லறிவு இவ்வாறு கடத்தப்படுமாயின் வஞ்சகமும் கடத்தப்படும். கணிப்பொறியில் நுழைவோரின் மறைச்சொல்லைச் சோதிக்கும் நிரலைப் பெயர்க்கும்போது மட்டும், தனக்கு வேண்டியவருக்குக் கதவு திறக்கும் ஒரு வரியைத் தொகுப்பி இரகசியமாகச் சேர்க்கலாம். தொகுப்பியின் மூலநிரலைப் படிப்போர் அதனைக் கண்டுகொள்வரே எனின், அதற்கும் வழியுண்டு. தொகுப்பி தன் மூலநிரலையே பெயர்க்கும்போது அதனை இனங்கண்டு, இவ்விரு வஞ்சகங்களையும் புதிய தொகுப்பியில் சேர்க்குமாறு செய்துவிட்டு, மூலநிரலிலிருந்து அவற்றை அழித்துவிடலாம். பின்பு மூலநிரல் தூய்மையாக இருக்கும்; தொகுப்பி தூய்மையாக இராது. மும்முறைப் பெயர்ப்பின் ஒப்பீடும் இதனைக் காட்டிக்கொடாது. இரண்டாம் படியிலும் மூன்றாம் படியிலும் ஒரே நஞ்சு ஒரே அளவில் இருக்கும் அல்லவா?

இது வெறும் கற்பனையாக நின்றுவிடவில்லை. 2009இல் டெல்ஃபி மொழிக் கருவித்தொகுதியைத் தொற்றிய 'இண்டக்' நச்சுநிரல், அக்கருவியால் பெயர்க்கப்படும் நிரல்களிலெல்லாம் தன்னை நுழைத்தது. 2015இல் ஆப்பிள் கைப்பேசிகளுக்கான நிரலாக்கக் கருவியின் திருத்தப்பட்ட போலிப் படி சீனாவில் பரவி, அதனைப் பயன்படுத்திய நேர்மையான நிரலாளரின் படைப்புகளிலும் நஞ்சு கலந்தது. எழுதியவர் குற்றமற்றவர், எழுத்தும் குற்றமற்றது, பெயர்ப்பிலேயே கேடு புகுந்தது.

இதற்கு மாற்று இரண்டு. முதலாவது, டேவிட் வீலர் தம் 2009ஆம் ஆண்டு ஆய்வேட்டில் நிறுவிய இருதொகுப்பி முறை. ஐயத்திற்குரிய தொகுப்பியின் மூலநிரலை, அதனோடு தொடர்பற்ற வேறொரு தொகுப்பியால் பெயர்க்க வேண்டும். வெளிவரும் தொகுப்பியைக் கொண்டு அதே மூலநிரலை மறுமுறை பெயர்க்க வேண்டும். இவ்விறுதி வடிவம், ஐயத்திற்குரிய தொகுப்பி தன்னைத் தானே பெயர்த்து ஈன்ற வடிவத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருப்பின், மூலநிரலில் இல்லாத எதுவும் அதனுள் மறைந்திருக்கவில்லை என்பது பெறப்படும். இரண்டு தொகுப்பிகளிலும் ஒரே நஞ்சு இருந்தாலன்றி இச்சோதனை தோற்காது. ஒரே மொழிக்குத் தம்முள் தொடர்பற்ற இரு தொகுப்பிகள் இருத்தல் ஆடம்பரம் அன்று என்பதற்கு இதுவே சான்று. தானே எழுதிய தொகுப்பியும், பலரும் அறிந்த கட்டற்ற தொகுப்பியும் அருகருகே வழங்கும் நிறுவனம் இவ்வகையில் நற்பேறுடையது.

இரண்டாவது மாற்று மேலும் துணிவானது. அண்டை வீட்டு உறையே வேண்டாம். முதல் உறையைத் தாமே ஆக்குவது. இம்முயற்சி கடினமாகிக்கொண்டே வருகிறது என்பது முரணான உண்மை. 2013இல் வெளியான 4.8 பதிப்பு முதல் ஜி.சி.சி. சி++ மொழித் தொகுப்பியின் துணையின்றிப் பெயர்க்க இயலாததாயிற்று. ஆகவே சி தொகுப்பி மட்டுமே கொண்டவர் பழைய 4.7 பதிப்பை முதலில் ஆக்கி அதன்வழியே மேலேற வேண்டும். கருவி வளருந்தோறும் ஏணியின் முதற்படி தரையிலிருந்து உயர்கிறது. அடா தொகுப்பியின் நிலை இன்னும் இடர்மிக்கது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்ற கட்டற்ற அடா தொகுப்பியின் முன்பகுதி அடாவிலேயே எழுதப்பட்டது. ஓர் அடா தொகுப்பி முன்னரே இல்லாத இடத்தில் அதனை ஆக்க எளிய வழியில்லை.

இருப்பினும் சி மொழியளவில் ஏணி முழுவதும் கட்டப்பட்டுவிட்டது. 2023இல் 'கிக்ஸ்' என்னும் இயக்கமுறைமைக் குழுவினர் 357 பைட்டு அளவேயுள்ள விதைநிரல் ஒன்றிலிருந்து தொடங்கித் தம் கருவித்தொகுதி முழுவதையும் ஆக்கிக் காட்டினர். அவ்விதை, மனிதர் பதினாறடி எண்களில் எழுதியதைப் பொறிநிரலாக மாற்றுவது தவிர வேறொன்றும் அறியாதது. அதைக் கொண்டு சற்றே வல்ல அசெம்பிளர், அதைக் கொண்டு சி மொழியின் சிறு பகுதியைப் பெயர்க்கும் தொகுப்பி, பின் பழைய ஜி.சி.சி., பின் புதிய ஜி.சி.சி. எனப் படிப்படியாக ஏறுகின்றனர். ஒவ்வொரு படியின் மூலநிரலையும் மனிதர் படித்துப் பார்க்கலாம். 357 பைட்டு என்பது ஒரு தாளில் அடங்கும். பொறுமையுள்ள ஒருவர் ஒரு நாளில் எண் எண்ணாகச் சரிபார்த்துவிட இயலும். அடியில் உள்ள கருவும் செயலியும் இன்னும் நம்பிக்கையின்மீதே நிற்கின்றன என்பதை அவர்களே மறைக்கவில்லை.

இந்தியாவில் இவ்விரு முனைகளும் நெருங்கி வருகின்றன. சக்தியின் வழியில் விண்வெளிப் பணிக்கென உருவான 'ஐரிஸ்' சில்லு, திருவனந்தபுரத்து நிலைமத் தொகுதிப் பிரிவின் தேவைக்கேற்பச் சென்னையில் வடிவமைக்கப்பட்டுச் சண்டிகரில் வார்க்கப்பட்டு, இயங்கத் தொடங்கியதாக 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. ரிஸ்க்-ஃபைவ் ஆணைத்தொகுதி யாவருக்கும் பொது. அதற்குரிய தொகுப்பிகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13ஆம் பதிப்பு அதனை முறையான தளமாக ஏற்றுக்கொண்டது. நிரலைப் பெயர்க்கும் மேசைக் கணிப்பொறியும் இந்நாட்டுச் செயலியால் இயங்கி, அதன் தொகுப்பியும் படிக்கத்தக்க விதையிலிருந்து இங்கேயே வளர்க்கப்படுமாயின், ஏவுகலத்தின் நிரல் எழுத்து முதல் எண் வரை கடந்து வந்த வழி முழுவதும் கண்ணுக்குத் தெரியும். அதற்கு இன்னும் எழுதப்பட வேண்டியது ஒன்றுண்டு. 357 பைட்டு விதை இன்டெல் மரபுச் செயலிக்கு உரியது. விக்ரமுக்கு உரிய விதையை அதன் ஆணைத்தொகுதியில் எண் எண்ணாகக் கையால் எழுத வேண்டும். அதற்குப் பேராலை தேவையில்லை. ஆணைத்தொகுதியின் அட்டவணையும், எழுதுகோலும், இரண்டொரு திங்கள் உழைப்பும் போதும்.